கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே

ஒரு நகரத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அதன் கோட்டைகளையும் துறைமுகத்தையும் கோயில்களையும் நீதிமன்றங்களையும் எண்ணிப் பார்ப்பதே வழக்கமாயிருக்க, அந்நகரத்து ஜனங்கள் குடியிருந்த வீடுகளிலே, ஓட்டுக்குக் கீழும் சீலிங்குக்கு மேலுமாக இருண்டு கிடக்கும் வெற்றிடத்தை ஆராயத்தக்க விஷயமென்று கருதியவர் அரியர். கொழும்பைப் பொறுத்தவரை இந்தப் புறக்கணிப்பு நியாயமானதன்று. கொட்டாஞ்சேனையின் நெருங்கிய வரிசை வீடுகளிலும், வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் உத்தியோகஸ்தர்கள் கட்டி வாழ்ந்த தனி வீடுகளிலும், அந்த இருட்டுக்குள் நோயும் தீயும் பண்டமும் பயமும் மாறி மாறித் தங்கியிருக்கின்றன. அதற்குள் ஏறிச் செல்ல வழியில்லாமையால் ஒரு காலத்தில் நேர்ந்த தீங்கையும், அவ்வழியை ஆராயாமல் வெட்டுவதால் இக்காலத்தில் நேரும் தீங்கையும் ஒருசேர அறிந்தவர்க்கே, சீலிங்கில் ஒரு துவாரம் வெட்டி ஏணி வைக்கும் சிறு காரியத்தின் கனம் விளங்கும்.

1656 இல் போர்த்துக்கீசரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றி 1796 இல் ஆங்கிலேயரிடம் அதனை இழந்த ஒல்லாந்தர், இந்நகரத்துக்கு விட்டுச் சென்றவற்றுள் உயர்ந்து சரிந்த ஓட்டுக் கூரையும் ஒன்று. தேசாதிபதி தோமஸ் வான் ரீ 17 ஆம் நூற்றாண்டின் கடைசியில் வசித்ததும், இன்று ஒல்லாந்தர் கால நூதனசாலையாக விளங்குவதுமாகிய புறக்கோட்டை வீட்டை அண்ணாந்து பார்ப்போருக்கு அக்கூரையின் கம்பீரம் தெரியும். கபுக் என்று சொல்லப்படும் செம்பூராங்கல்லால் தடித்த சுவர் எழுப்பிச் சுண்ணாம்புச் சாந்து பூசி, அதன்மேல் கனத்த மரங்களை ஏற்றி, வளைந்த நாட்டோடுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய அக்கூரைக்கு இயல்பிலேயே பெரும் பாரம் உண்டு. கொட்டாஞ்சேனைக்கு அணித்தாயுள்ள மேட்டின்மேல் 1749 இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1757 இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட ஊல்வெண்டால் தேவாலயத்தின் நடுக்கூரை, 1856 இல் இடி விழுந்து சிதைந்ததாகச் சரித்திரம் கூறுகின்றது. சுவர் எவ்வளவு தடித்ததாயினும், கூரை பழுதுபட்டால் கட்டிடம் முழுவதும் அபாயத்துக்குள்ளாகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டியதில்லை.

அந்தப் பாரத்தைத் தாங்கும் உபாயத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்லுதல் அவசியம். பின்னால் வரும் எச்சரிக்கையெல்லாம் இதனையே பற்றி நிற்பது. முகட்டு வளையிலிருந்து இருபுறமும் சரிந்து வரும் கைமரங்கள் ஓட்டின் பாரத்தால் எப்பொழுதும் காலை அகட்டவே முயல்கின்றன. அவ்வாறு அகன்றால் சுவரின் தலை வெளியே தள்ளப்பட்டு, முகடு கீழே இறங்கும். அவற்றை அகலவிடாமல் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு இழுத்துப் பிடித்து நிற்கும் குறுக்கு மரத்தையே நம்மவர் தீராந்தி என்கின்றனர். கீழே நின்று பார்ப்பவனுக்குத் தீராந்தி வெறுமனே கிடக்கும் மரமாகத் தோன்றினாலும், வீட்டில் ஓயாமல் வேலை செய்யும் உறுப்பு அதுவே. அதன் பக்கத்திலோ, அதன் கீழே தொங்கவிட்டோ அமைக்கப்படும் சீலிங் சட்டங்கள் வேறு வகையின. அவை பலகையின் பாரத்தை மட்டும் சுமக்கப் பிறந்தவை. பார்வைக்கு ஏறக்குறைய ஒத்திருக்கும் இவ்விரண்டையும் பிரித்தறியாத கையில் வாள் இருக்குமானால், அந்த வீட்டுக்கு ஆயுள் குறைவு.

ஓட்டுக் கூரைக்குக் கீழே மறைப்புக் கட்டும் வழக்கம் நம்மவர்க்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்தில் மங்கல, அமங்கல காரியங்களின்போது சலவைத் தொழிலாளராகிய கட்டாடியார் வந்து கூரையின் கீழே வெள்ளை கட்டுவது பரம்பரை வழக்கம். கொழும்பில் குடியேறியோரும் அவ்வழக்கத்தை ஊரிலிருந்து கொணர்ந்தனர். ஆங்கிலேயரின் பங்களாக்களிலும் கூரையிலிருந்து தூசியும் பூச்சியும் மேசைமேல் விழாதிருக்கும் பொருட்டுச் சுண்ணாம்பு தோய்ந்த துணியை இழுத்துக் கட்டினர். ஆயினும் நிரந்தரமான பலகைச் சீலிங்குகள் நடுத்தர வீடுகளுக்கும் பரவியதற்கு 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நேர்ந்த ஒரு மாற்றமே முக்கிய காரணமென்று கருதலாம். 1865 இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையையும் அதன் வழிவந்தவற்றையும் சார்ந்து, ஒன்றோடொன்று கொளுவி நிற்கும் தட்டையோடுகள் மலையாளக் கரையிலிருந்து கப்பலேறிக் கொழும்புத் துறைக்கு வந்தன. அவை பாரம் குறைந்தவை. குறைந்த மரத்தோடு கூரை வேய இடந்தருபவை. ஆனால் ஒரே அடுக்காக அமைவதால், கடற்காற்றோடு வரும் சாரலையும் புழுதியையும் இடுக்குகளின் வழியே உள்ளே விடுபவை. ஆகவே ஓட்டின் கீழே ஒரு தடுப்பு வேண்டியதாயிற்று. மொரட்டுவைத் தச்சர்கள் பாரமற்றதும் செல்லரித்தலுக்கு இலேசில் இடங்கொடாததுமாகிய மலைவேம்புப் பலகையை இழைத்து, நாக்கும் பள்ளமுமாகப் பொருத்தி, அழகிய சீலிங்குகளை அமைத்தனர். அறை குளிர்ந்தது, கூரையின் வெக்கை மேலேயே நின்றது. மேலே என்ன நடக்கிறதென்பது மட்டும் வீட்டாரின் கண்ணுக்கு மறைந்தது.

மறைந்த அந்த இடத்தை முதலில் தன் ராஜ்ஜியமாக்கிக்கொண்டது எலி. கொழும்பு வாழ்ந்தது அரிசி வியாபாரத்தால். இரங்கூனிலிருந்தும் தென்னிந்தியத் துறைகளிலிருந்தும் வந்திறங்கிய மூட்டைகள் செட்டியார் தெருவிலும் அதைச் சூழ்ந்த களஞ்சியங்களிலும் மலைபோற் குவிந்தன; அவற்றைச் சுமந்தவர்களும் விற்றவர்களும் கணக்கெழுதியவர்களும் ஜிந்துப்பிட்டி, கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளிலே தோட்டங்கள் என்று வழங்கிய நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். இரவில் களஞ்சியத்தில் தின்று பகலில் வரிசை வீடுகளின் கூரைக்குள்ளே உறங்கும் கறுப்பு எலி, உயரத்தை விரும்பும் பிராணி. ஒரே கூரை பல வீடுகளைத் தொடர்ந்து மூடியிருக்க, வீடுகளைப் பிரிக்கும் சுவர்கள் சீலிங் மட்டத்தோடு நின்றுவிடுமானால், முதல் வீட்டுக்குள் புகுந்த எலி நிலத்தை மிதியாமலே கடைசி வீடுவரை உலாவ முடியும்.

1914 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொழும்பிலே பெருவாரி நோயாகிய பிளேக் தோன்றியது. அந்நோயின் கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் 1894 இல் ஹொங்கொங்கிலே கண்டிருந்தார். எலியின் உடலிலுள்ள தெள்ளே அதனை மனிதருக்குக் கொண்டுவருகிறதென்பதை 1898 இல் போல் லூயி சிமோன் கராச்சியிலே நிரூபித்திருந்தார். எனவே கொழும்பு நகரசபையார் நோயோடு போராடத் தொடங்கியபோது எதிரி யாரென்பது தெரிந்தே இருந்தது. எதிரி தங்குமிடத்தை அணுகுவதே கடினமாயிருந்தது. நகரசபையின் நுண்ணுயிர் ஆராய்ச்சியாளராகப் பணியாற்றிய பேபியன் ஹேர்ஸ்ட், கொழும்பு எலிகளின் தெள்ளுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்து, நோயைப் பரப்புவதில் வல்லமை மிக்க தெள்ளினம் தானிய வியாபாரம் நிகழும் வட்டாரத்திலேயே செறிந்திருப்பதையும், நகரின் பிற பகுதிகளில் வல்லமை குறைந்த இன்னொரு இனம் மிகுந்திருப்பதையும் கண்டறிந்தார். உலகத்து வைத்தியர்களும் மதித்த இந்த ஆராய்ச்சியின் அனுபவங்கள் அவர் 1953 இல் வெளியிட்ட பெருநூலிலே இடம்பெற்றன. கொழும்பின் ஒரு மூலையிலுள்ள கூரைகளும் களஞ்சியங்களும் விஞ்ஞான சரித்திரத்தில் இடம்பெற்றதை நம்மவர் மறந்துவிட்டது வருந்தத்தக்கது.

அக்காலத்திலேயே ஜாவாத் தீவிலும் இதே பாடம் கற்கப்பட்டது. 1911 இல் மாலாங் பகுதியில் பிளேக் பரவியபோது, வீட்டுக் கூரைகளில் வைத்திருந்த மூங்கிலின் உட்குழல்களே எலிகளுக்குக் கூடாகியிருந்ததைக் கண்ட ஒல்லாந்த அதிகாரிகள், பெருந்தொகையான வீடுகளின் கூரைகளைப் பிரித்து மாற்றும் வேலையை மேற்கொண்டனர். மருந்தினால் தீராத நோயைக் கட்டிட வேலையினால் தணிக்க முயன்ற காலம் அது. கொழும்பிலும் 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அறைக்கு வெளிச்சமும் காற்றும் வரவேண்டுமென்றும், வீட்டுக்குப் பின்னே 63½ பாகைக் கோட்டுக்கு உட்பட்டு வெளி விடவேண்டுமென்றும், அனுமதி பெறாமல் கட்டிடத்தை மாற்றலாகாதென்றும் விதித்த அச்சட்டம் இன்றைக்கும் வீட்டு வரைபடங்களின் பின்னே நின்று பேசுகின்றது. 1921 இல் கொழும்புக்கு வந்து நகர அமைப்பைப் பற்றி அறிக்கை எழுதிய பட்ரிக் கெடிஸ் அவர்களின் சிந்தனையும் இந்தச் சூழலிலேதான் இங்கு வரவேற்கப்பட்டது.

இந்த அனுபவத்தின் சாரம் ஒன்றே. ஏறிப் பார்க்க முடியாத கூரைக்குள்ளே பொறி வைக்கவும் முடியாது, செத்த எலியை எடுக்கவும் முடியாது, உடைந்த ஓட்டை மாற்றவும் முடியாது. மூடிய சீலிங்குக்கு ஒரு வாயில் வேண்டும் என்பது சௌகரியத்தைப் பற்றிய பேச்சு மாத்திரமன்று. தேகசுகத்தைப் பற்றிய பேச்சுமாகும்.

கடலோரப் புகையிரதப் பாதை 1877 இல் மொரட்டுவை வரை நீண்ட பிறகு, வெள்ளவத்தை கொழும்பின் தென்புறத்து வாசஸ்தலமாக மெல்ல மெல்ல விருத்தியடைந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க இலிகிதர் சேவைக்கும் பிற உத்தியோகங்களுக்கும் வந்த தமிழர்கள், காலிவீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலும், அதன் கிழக்குப் புறத்திலும் வீடெடுத்து வாழ்ந்தனர். இராமகிருஷ்ண மிஷனும், 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அவ்வாழ்க்கைக்கு நடுநாயகங்களாயின. இவ்வீடுகளின் சீலிங்கில், பெரும்பாலும் குளியலறை முன்னுள்ள நடையின் மூலையிலே, ஏறக்குறைய இரண்டடிச் சதுரமான ஒரு மூடி இருக்கும். சட்டத்தின்மேல் ஆணியடிக்காமல் வைத்த அந்தப் பலகையைக் கையால் மேலே தள்ளி ஒருபுறம் நகர்த்தி, மேசைமேல் ஸ்டூல் வைத்தோ மூங்கில் ஏணி சாத்தியோ வீட்டிலுள்ள இளைஞன் ஏறுவான். மேலே சென்றவன் கண் இருட்டுக்குப் பழகியதும் காண்பவை: ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த றங்குப்பெட்டி, விசேஷத்துக்கு மட்டும் இறங்கும் வெண்கல அண்டா, கயிற்றால் கட்டிய பழைய வீரகேசரிக் கட்டு, எலி இழுத்துச் சேர்த்த தும்பும் மாங்கொட்டையும், ஓட்டிடுக்கில் விழும் காசளவு வெயில். ஓராண்டுக்கொருமுறை மாரிக்கு முன்னே ஓடு பார்க்க ஏறியவர்களின் வீடு ஒழுகாமல் நின்றது. ஏறாதவர்களின் வீட்டுச் சீலிங்கிலே மஞ்சட் கறை படர்ந்து, ஒரு நாள் பலகை வயிறு தள்ளித் தொங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைவேம்புப் பலகையின் இடத்தை அஸ்பெஸ்டஸ் தகடு பிடித்துக்கொண்டது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்செக் 1901 இல் உரிமம் பெற்ற முறைப்படி, சீமெந்தோடு அஸ்பெஸ்டஸ் நாரைக் கலந்து அழுத்திய இத்தகடு தீப்பிடியாது, செல்லரியாது, விலையும் மலிவு. தட்டையான தகடுகளை மரச் சட்டத்தில் ஆணியால் அறைந்து, பொருத்துவாய்களின்மேல் பீடிங் அடித்துச் சுண்ணாம்புநிறம் பூசினால் அறை பளிச்சென்று இருக்கும். ஆனால் அந்நாரின் நுண்ணிய தூள் சுவாசத்தோடு நெஞ்சுக்குள்ளே சென்று தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துச் சுவாசப்பையிலும் அதைச் சூழ்ந்த சவ்விலும் புற்றுநோயை விளைவிக்கின்றதென்பது இன்று ஐயத்துக்கிடமின்றி அறியப்பட்டிருக்கின்றது. நீல வகை முன்னரே தடைசெய்யப்பட்டிருக்க, எஞ்சிய வெள்ளை வகையின் இறக்குமதியையும் 2018 முதல் நிறுத்த இலங்கை அரசாங்கம் தீர்மானித்திருந்தது. அவ்வேளையில், 2017 டிசம்பரிலே, இலங்கைத் தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதென்று கூறி ருஷ்யா நமது தேயிலைக் கொள்வனவை இடைநிறுத்த, வெள்ளை அஸ்பெஸ்டஸை ஏற்றுமதி செய்யும் நாடும் அதுவேயாகையால், தடைத் தீர்மானம் பின்தள்ளப்பட்டது. தேயிலை வியாபாரத்தின் பொருட்டு ஜனங்களின் மூச்சு பணயம் வைக்கப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

1983 ஆடியில் தமிழருக்கெதிராக மூண்ட வன்செயலில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் இல்லங்கள் தீக்கிரையானபோது கூரைகளும் வீழ்ந்தன. அவற்றின் மேலே பத்திரமாயிருக்கிறதென்று நம்பி வைத்த பெட்டிகளும், பெட்டிகளுக்குள்ளிருந்த படங்களும் பத்திரங்களும் சாம்பராயின. அயலிலிருந்த சிங்களக் குடும்பங்கள் பலவற்றின் தயவால் உயிர் தப்பியவர்களுள் மீண்டு வந்தோர் சிலர். கடல் கடந்தோர் பலர். அதன் பிறகு, தொண்ணூறுகள் தொடங்கி, தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்தன. கொங்கிறீற்றுத் தளத்தின் கீழே வாழும் குடும்பத்துக்குக் கூரையின் இருட்டறை என்பதே இல்லை. எஞ்சிய பழைய வீடுகளிலோ இடநெருக்கடி மிகுந்து, மேலேயுள்ள வெற்றிடத்தைப் பண்ட அறையாக்கிக்கொள்ளும் ஆசை வளர்ந்திருக்கின்றது. மடித்து மேலே தூக்கி வைக்கத்தக்க அலுமினிய ஏணிகளும் கடைகளுக்கு வந்துவிட்டன. அமெரிக்க நாட்டிலே இத்தகைய ஏணிக்கு 22½ அங்குல அகலமும் 54 அங்குல நீளமுமான துவாரம் வெட்டுவது சாதாரண வழக்கம். அங்கே சட்டங்கள் 24 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்பதால் அந்த அளவு பொருந்துகிறது. அவ்வளவை அப்படியே கொழும்பின் பழைய வீட்டில் வரைந்து வெட்டப் புகுவோர், சட்டத்தின் இடைவெளி வேறாயிருப்பதை வாள் மரத்தில் மோதிய பின்னரே உணர்வர்.

ஆகவே, வெட்டுமுன் மேலே ஏறிப் பார்த்தல் முதற் கடமை. பழைய மூடி இருக்குமானால் அதன் வழியே ஏறி, இல்லையேல் ஓரிரண்டு ஓடுகளைக் கழற்றி, விளக்கைப் பிடித்து எது தீராந்தி, எது சீலிங் சட்டம், மின்கம்பி எவ்வழியே போகிறது என்பவற்றை அறிந்துகொள்ள வேண்டும். பழைய வீடுகளின் றப்பர் உறைக் கம்பிகள் வெக்கையினால் உதிர்ந்து போயிருக்கும். எனவே பிரதான ஆளியை நிறுத்தாமல் கை வைக்கலாகாது. சட்டத்தின்மேற் பலகை போட்டு அதன்மேலேயே கால் வைக்க வேண்டும்; தகட்டின்மேல் வைத்த கால் கீழறைக்குள் போய் நிற்கும். ஏணியின் நீளப்போக்கு சட்டங்களின் போக்கோடு ஒத்திருக்கத் தக்கதாகவும், மேலே தலை நிமிர்த்த முகட்டுக்கு அணித்தாகவும், கீழே ஏணி விரிந்திறங்க இடமுள்ளதாகவும் இடத்தைத் தெரிந்தெடுத்தல் உத்தமம். தீராந்தியை எக்காரணத்தாலும் வெட்டலாகாது. அதைத் தவிர்க்க முடியாத இடத்தில் துவாரமே வேண்டாம். சீலிங் சட்டமொன்றைத் துண்டிக்க நேர்ந்தால், முதலில் இருபுறமும் முட்டுக் கொடுத்து, பக்கத்துச் சட்டங்களை இரட்டையாக்கி, வெட்டுண்ட முனைகளைத் தாங்கக் குறுக்குச் சட்டம் பூட்டிய பின்னரே முட்டுகளை அகற்ற வேண்டும்.

தகடு அஸ்பெஸ்டஸாயிருந்தால், அல்லது அவ்வாறு சந்தேகமிருந்தால், அதில் வாளோ மின்சார இயந்திரமோ படலாகாது. பழைய அனுபவமிக்க தச்சுப் பாஸ்மார் செய்வதுபோலப் பீடிங்கை மெல்லக் கழற்றி, தகட்டை நீரால் நனைத்து, ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, உடையாமல் முழுத் தகடாக இறக்கிப் பொலித்தீனில் சுற்றி அப்புறப்படுத்துவதே முறை. வெள்ளவத்தையின் கடலோர வீடுகளில் உப்புக்காற்றால் துருவேறிய ஆணியின் தலை பிடுங்கும்போதே ஒடிந்துவிடும். அப்பொழுது பொறுமையிழந்து சுத்தியலால் தட்டுபவன் தன் மூச்சுக்கும் வீட்டுப் பிள்ளைகளின் மூச்சுக்கும் கேடு செய்கிறான். தகுந்த சுவாசக் கவசமும், வீட்டாரை அன்றைக்கு வெளியே அனுப்புவதும், துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைப்பதும் இவ்வேலையின் அங்கங்கள். இறக்கிய தகட்டின் இடத்தில் மரப்பலகை பொருத்தி, அதிலே வாயிலை அமைத்து, எலி புகாதபடி மூடியை இறுக்கமாகச் செய்துவிட்டால் காரியம் நிறைவுறும். மேலே பாரம் ஏற்றுவதாயின், சீலிங் சட்டத்தை நம்பாமல் சுவரிலிருந்து சுவருக்குத் தனி மரம் போட்டுத் தளம் அமைக்க வேண்டும்.

கொழும்பிலே பழைய வீடொன்றை இன்னும் காத்து வருகின்ற தமிழன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் கூரைக்குள் ஏறுவதற்கு வழியில்லையாயின், அவ்வழியை அமையுங்கள், ஆனால் கூலி குறைவென்று அவசரக் கையொன்றைப் பிடித்து அமைக்காதீர்கள். தீராந்தியையும் சீலிங் சட்டத்தையும் பிரித்தறியத் தெரிந்த ஒரு தச்சரை அழைத்து, அவர் ஏறிப் பார்த்துச் சொல்லும் வரை வாளைச் சுவரோடு சாத்தி வைத்திருங்கள்.